கடலோர வீட்டுக்கு எந்தக் கட்டில்?

சிறிய வீட்டுக்கு, விரித்தால் படுக்கையாகும் சோபாவும் அடியில் பெட்டி வைத்த கட்டிலும் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உண்மைதான். ஆனால் ஈரத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால், கட்டிலுக்கு அடியில் மூடிக் கிடக்கும் துணிகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டியின் அடிப்பலகையில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். மெத்தைக்குக் கீழே முழுப்பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள் இருந்தால் இன்னும் நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டவே வேண்டாம்! ஈரம் பட்டால் ஓரம் ஊதிவிடும், பிறகு திருகாணி பிடிக்காது. விலை கூடினாலும் தேக்கில் செய்வியுங்கள். இயலாவிட்டால் ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை (பிளைவுட்).

மெத்தையைத் தூக்கினால் பெட்டி திறக்கும் கட்டில்களில், அதைத் தூக்கிப் பிடிக்கும் வாயு அடைத்த தண்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். திருகோணமலையில் திருக்கடலூர் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு மரச்சட்டத்தில் ஓடும் இழுப்பறைகளையே சொல்வேன். அவற்றை முழுமையாக இழுக்கப் பக்கத்தில் 2 அடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். அறையில் அந்த இடம் இல்லையென்றால், கால்மாட்டிலிருந்து தூக்கும் கட்டில்தான் வழி.

சோபாவை விரித்த நிலையில் அளந்து வாங்குங்கள். கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வரும் வயதான உறவினர்கள் தாழ்ந்த சோபாப் படுக்கையிலிருந்து எழும்பப் பாடுபடுவார்கள். கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இளையவர்கள் சோபாவில் படுக்கலாம். உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்பதையும் கடையிலேயே கேளுங்கள்.