இருவர் சேர்ந்து பார்ப்பதற்குப் புகழ் மட்டும் போதாது

தம்பதியர் சேர்ந்து பார்க்கப் பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அதிகம் புகழப்பட்டவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்று, அத்தகைய தொடர்களைப் பட்டியலிட்டு எழுதிய கட்டுரையாளர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. புகழைவிடத் தொடரின் அமைப்பே முக்கியம் என்று உறுதியாகக் கருதுகிறேன். அக்காலத் தொடர்களில் பல, ஒரு வாரம் தவறவிட்டவரும் அடுத்த வாரம் தடையின்றிப் பார்க்கும்படி, அத்தியாயத்துக்கு ஒரு கதையாக எழுதப்பட்டவை. ஆகவே, இருவரில் ஒருவர் களைப்பில் பாதியிலேயே உறங்கிவிட்டாலும் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

1959 முதல் 1964 வரை ஒளிபரப்பான ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரின் 156 அத்தியாயங்களும் தனித்தனிக் கதைகள் என்பதால், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். துப்பறியும் தொடரான ‘கொலம்போ’வில் கொலையாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுகிறது, கசங்கிய மழைக்கோட்டுடன் வாசல்வரை சென்ற துப்பறிவாளர், ஏதோ நினைவுக்கு வந்தவர்போல் திரும்பி இன்னொரு கேள்வி கேட்கும்போது, கொலையாளி எங்கே சறுக்கினார் என்று இருவரும் போட்டிபோட்டு ஊகிக்கலாம். சேர்ந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் கண்டதில்லை. நகைச்சுவை வேண்டுமெனில் ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே 12 அத்தியாயங்கள்தான். ஆயினும், அதில் விடுதி நடத்தும் கணவனும் மனைவியும் ஓயாமல் மோதிக்கொள்வதை எல்லாரும் ரசிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த பட்டியலில், ஒவ்வொரு தொடரின் அத்தியாய நீளத்தையும், அதை வரிசையாகப் பார்க்க வேண்டுமா என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.