ஜேம்ஸ் வுட்டை இப்போதே தக்கவைக்க வேண்டும்

இளம் வெளிக்கள ஆட்டக்காரர் ஜேம்ஸ் வுட்டுக்கு நீண்டகால ஒப்பந்தம் தர, அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் பொறுத்திருக்கலாம் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 2022-இல் அவ்வணியின் அப்போதைய நட்சத்திர ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோ 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தை மறுத்தபின், அவரை சான் டியேகோ அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குப் பெற்ற இளைஞர்களுள் ஒருவரே வுட். அதே சோட்டோவுக்கு 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அட்லாண்டா அணியோ, தன் ஆட்டக்காரர் ரொனால்டு அகுன்யாவை 2019-இல், 21 வயதிலேயே, 8 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. முழங்கால் காயங்களால் அவர் இருமுறை நெடுங்காலம் ஆட இயலாமல் போனார் என்றாலும், 2023-இல் தேசிய லீக்கின் (அமெரிக்க பேஸ்பாலின் இரு முதன்மைப் பிரிவுகளுள் ஒன்று) மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவருக்கு அத்தொகை மிகக் குறைவு என்றே கருதுகிறேன். வுட் அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆவது, அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகள் விழுந்து ஆட்டமிழப்பது, உண்மையான குறைதான். ஆயினும், ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடிந்து எந்த அணிக்கும் செல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கும்வரை காத்திருந்தால், சோட்டோவைப் போலவே அவரையும் இழக்க நேரும் என்று அஞ்சுகிறேன்.