ஓயாசிஸா பிளரான்னு கேட்காதீங்க, கிட்டாரைக் கேளுங்க

2025 ஜூலையில் ஓயாசிஸ் கார்டிஃபில் மறுபடி மேடையேறியதிலிருந்து பழைய பட்டிமன்றம் தூசு தட்டி எழுந்துவிட்டது. போட்டி போட்ட இரண்டு ராக் குழுக்களில் எது பெரிது: ஓயாசிஸா, பிளரா? தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிட்டார் இசையைப் பேச இதைவிட மோசமான தலைப்பு கிடையாது என்பது என் கட்சி.

அந்தச் சண்டையில் பாதி வியாபாரம். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஓயாசிஸின் 'ரோல் வித் இட்' இரண்டு பாட்டும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. அந்த ஒரு வாரத்தில் பிளர் 2,74,000 பிரதி விற்றது, ஓயாசிஸ் 2,16,000. பிளர் தரப்பு சிடியை இரண்டு விதமாக வெளியிட்டது. தீவிர ரசிகன் இரண்டையும் வாங்குவான் அல்லவா? வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே அந்தந்தக் குழுவின் சுமார் ரகப் பாட்டுகள். கிட்டாரை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வரிசையே மாறிவிடும்.

முதலில் ஓயாசிஸின் கிட்டாரிஸ்ட் நோயல் கேலகருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 'வொண்டர்வால்' சுலபம் என்று எல்லோரும் வாசிக்கிறார்கள், பாதிப் பேர் தப்பாக வாசிக்கிறார்கள். கேப்போ (கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி) இரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குப் பட்டை). அங்கிருந்து எண்ணினால் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல் இரண்டாம் கம்பி மேல், சுண்டு விரல் முதல் கம்பி மேல். அந்த இரண்டு விரலும் அசையவே கூடாது. மற்ற இரண்டு விரல்தான் இ மைனர் 7, ஜி, டி சஸ் 4, ஏ7 சஸ் 4 என்று கார்டுக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) நகரும். சாதாரண டி, சாதாரண ஏ பிடித்தால் மேலே தம்பூரா மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும் அந்த இரண்டு சுரமும் அறுந்துபோகும். பாட்டின் உயிரே அதுதான். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போடாமல், அளவுக்கு மேல் இறுக்கினால் சுருதி ஏறிவிடும். அப்புறம் கிட்டாரைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் ஓயாசிஸின் அந்தச் சுவர் போன்ற சத்தத்தில் பெரும் பங்கு ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஓவன் மோரிஸுடையது. முதல் ஆல்பத்தை மன்னோ வேலி ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், சரிவரவில்லை. கார்ன்வாலில் இருக்கும் சாமில்ஸ் ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்தார்கள், அதுவும் திருப்தியில்லை. மோரிஸ் வந்து, நோயல் அடுக்கி வைத்திருந்த கிட்டார் அடுக்குகளில் நிறைய தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கம்ப்ரஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டு நசுக்கினார். குறைத்ததால்தான் பெரிதாகக் கேட்டது. 1997இல் வந்த 'பி ஹியர் நவ்' இதற்கு நேர் எதிர்: 71 நிமிடம், கிட்டாருக்கு மேல் கிட்டார். ஒரே கார்டை, ஒரே உயரத்தில், ஒரே டிஸ்டார்ஷனில் (கரகரப்பில்) பத்து தடவை அடுக்கினால் பத்து மடங்கு பெரிதாகாது. நடு அலைவரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும், ஸ்நேர் டிரம்மும் குரலும் அதற்குள் மூச்சுத் திணறும்.

பிளரில் கிரகாம் காக்ஸன் வேறு ஆள். டெலிகாஸ்டர் கிட்டார், ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ராட் பெடல், எங்கே அபஸ்வரம் தட்ட வேண்டும் என்று தெரிந்த காது. பிளரின் 'சாங் 2' அது வந்த ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு, நீளம் 2 நிமிடம் 2 விநாடி, தரவரிசையிலும் இரண்டு. ஸ்வேட் குழுவின் பெர்னார்டு பட்லரும் இந்த வரிசையில் உண்டு. 1994இல் இரண்டாவது ஆல்பம் முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பம், 1991 நவம்பர். அதில் நூற்றுக்கணக்கான கிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள். பல இடங்களில் கிட்டார் அடுக்குகள் கொஞ்சம்தான். அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் செய்தது இது: ஜாஸ்மாஸ்டர் கிட்டாரின் ட்ரெமோலோ பாரை (சுருதியை அசைக்கும் பிடி) வலது கைக்குள் வைத்தபடியே ஸ்ட்ரம் செய்தார். கை மேலும் கீழும் போகப் போக கார்டு முழுவதும் லேசாக வழுக்கும், கமகம் மொத்த கார்டுக்கும் வந்தது போல. அதை யமஹா எஸ்பிஎக்ஸ் 90 கருவியின் ரிவர்ஸ் ரிவெர்ப் (தலைகீழாக எழும் எதிரொலி) வழியாக விட்டால் ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கிவிடும்.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு: ரிவெர்பில் நேர் ஒலியை (எதிரொலி சேராத கிட்டார் ஒலி) சுத்தமாக மூடிவிடுங்கள். அது கொஞ்சம் கசிந்தாலும் சாதாரண எக்கோ மாதிரிதான் கேட்கும். கம்பியின் தடிமன் 11 (அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு) அல்லது அதற்கு மேல். ஜாஸ்மாஸ்டர் பிரிட்ஜில் கம்பி அழுந்தும் கோணம் குறைவு. 9 போட்டால் பலமாக அடிக்கும்போது கம்பி சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் தாங்கி) விட்டுத் துள்ளிவிடும். மலிவான ஸ்ட்ராட் கிட்டாரில் சுருதி திரும்பி வராமல் போவதற்குப் பெரும்பாலும் நட்டில் (கழுத்து முனையில் கம்பி உட்காரும் பட்டை) கம்பி சிக்குவதுதான் காரணம். அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். பாரை ஆழமாக அழுத்தாதீர்கள், அரை சுரத்துக்கும் குறைவாக அசைந்தால் போதும்.

அடுத்து, ரேடியோஹெட் குழுவில் ஜானி கிரீன்வுட். 'மை அயர்ன் லங்' ரிஃபில் சுருதியை மாற்றும் வேமி பெடல் ஒலியை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தூக்குகிறது. 1994 மே மாதம் லண்டன் அஸ்டோரியா மேடையில் பதிவானதுதான் ஆல்பத்தில் இருப்பது, குரலை மட்டும் திரும்பப் பாடினார்கள். வெர்வ் குழுவின் கிட்டாரிஸ்ட் நிக் மெக்கேபுக்கு நடந்ததுதான் அநியாயம். இதே சாமில்ஸில் பதிவாகி 1993இல் வந்த முதல் ஆல்பம் முழுக்க அவருடைய டிலே (ஒலியைத் தாமதித்துத் திருப்பும் எஃபெக்ட்) மேகங்கள்தான். ஆனால் உலகத்துக்குத் தெரிந்த வெர்வ் பாட்டு 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி', வேறொரு ஆர்கெஸ்ட்ராவின் வயலின் சாம்பிளில் ஓடுகிறது. அதன் உரிமைத் தகராறு 2019இல்தான் தீர்ந்தது.

நமக்கு ஒரு கிளைக்கதை: எலாஸ்டிகா என்ற கிட்டார் குழுவின் இரண்டாவது ஆல்ப அட்டையை வடிவமைத்தது மாயா அருள்பிரகாசம், அதாவது இலங்கைத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போன இடத்தில், கூடவே வந்த பீச்சஸ் என்ற பாடகிதான் ரோலண்ட் எம்சி-505 என்ற பீட் கருவியைக் காட்டினார். கிட்டார் குழுவோடு போனவர் கிட்டாரைத் தொடாமல் பீட் பெட்டியோடு திரும்பினார்!

என் வரிசை: ஷீல்ட்ஸ், மெக்கேப், கிரீன்வுட், காக்ஸன், பட்லர். ஆறாவதாக நோயல், அந்த இரண்டு விரலுக்காக.

பல்ப் குழு எங்கே என்று கமென்டில் கேட்பீர்கள். அவர்களுடைய 'காமன் பீப்பிள்' சி, ஜி, எஃப் மூன்றே கார்டு, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதைச் சுமப்பது கேண்டிடா டாயிலின் கீபோர்டு. கிட்டார் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. பாட்டு வரிசை போடச் சொல்லுங்கள், மேலே சொன்ன எல்லோருக்கும் முன்னால் வைக்கிறேன்.