46 நாள் கதை தெரியும், 58 வருஷக் கதை?

பாம்பன் ரயில் பாலம் என்று ஆரம்பித்தாலே போதும், ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் கதை வந்துவிடும். 1964 டிசம்பர் புயல், பாலத்தைத் தாங்கும் 145 கர்டர்களில் (இரும்பு உத்தரங்களில்) 126 கடலுக்குள் போனது, விழுந்ததையே தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தியது. நானே பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டிய கதைதான்.

ஆனால் அதற்கப்புறம் 2022 டிசம்பர் வரை, நடுவில் அகலப்பாதை வேலைக்கு நிறுத்தியது போக, கிட்டத்தட்ட 58 வருஷம் அந்தப் பாலத்தில் ரயில் ஓடியதே, அது யார் கதை?

சின்ன வயதில் ராமேஸ்வரம் போகும்போது ரயில் பாலத்தில் ஊர்ந்துதான் போகும். எல்லோரும் கடலில் காசு போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு நினைவிருப்பது, பாலத்து ஓரம் ஒண்டி நின்று ரயிலுக்கு வழிவிட்ட ஆட்கள். கையில் சுரண்டியும் பெயிண்ட் டப்பாவும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் இடத்தில், 1914ல் திறந்த பாலம் நூறு வருஷம் தாண்டியதற்குப் பாதிக் காரணம் அந்த டப்பாதான். கப்பல் போவதற்காக நடுவில் இருந்த தூக்குப் பாலத்தைக்கூட ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள்.

இப்போது புதுப்பாலம். 2025 ஏப்ரல் 6 திறப்பு, செலவு 550 கோடிக்கு மேல். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. துருப்பிடிக்காத கம்பி, அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்று முதலிலேயே கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள். இதை மனசாரப் பாராட்டுகிறேன். பின்னால் பத்து மடங்கு போவதை முன்னால் கொஞ்சம் கொடுத்து மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம். ஆனாலும் திறப்பதற்கு முன்பே, 2024 கடைசியில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்பைப் பற்றிப் பேசிவிட்டது. கடல் அவ்வளவு அவசரக்காரன்.

550 கோடி எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் பராமரிக்க எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து? மோட்டார், இரும்பு வடம், சென்சார் எல்லாம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மாற்றும் காலம் என்று ஒன்று உண்டே.

பிரச்சினை கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. கட்டுவது மூலதனச் செலவு, கல்வெட்டு வைக்கலாம். பராமரிப்பு வருவாய்ச் செலவு, அதாவது வருஷா வருஷம் ஆகும் நடைமுறைச் செலவு. கையைக் கடித்தால் முதலில் கத்தி விழுவது அங்கேதான். துருவைச் சுரண்டியதற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை. எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டிக்குக்கூட யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்றால்தான் வெள்ளையடிப்பார்கள். அதுவும் ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும். ஏணிப்படி இற்றுப்போய் மூன்று வருஷமாகிறது, மேலே ஏறிப் பார்க்க ஆளில்லை.

எதையும் கட்ட ஒப்புதல் கொடுக்கும் அன்றைக்கே முப்பது வருஷப் பராமரிப்புத் தொகையையும் எஸ்டிமேட்டில் எழுதி, வேறு எதற்கும் தொட முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்துத் தலை சுற்றினால், கட்டாமல் இருப்பது நல்லது. கடைசியில் இடித்து அகற்றும் செலவையும் சேருங்கள். பழைய பாலமும் ஒருநாள் அந்தக் கட்டத்துக்கு வந்துதானே நிற்கிறது.

பக்கத்திலேயே சாலைப் பாலம். 1988 அக்டோபர் 2ல் ராஜீவ் காந்தி திறந்தது. இரும்பில் துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும். காங்கிரீட்டில் அப்படியில்லை, உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருவேறி, உப்பி, மேல்பூச்சை வெடிக்க வைக்கும்போதுதான் வெளியே தெரியும். நாற்பது வயதை நெருங்குகிறது. அதற்கான வருஷக் கணக்கை விவரம் தெரிந்தவர்கள் யாராவது கமெண்டில் போடுங்கள், பார்ப்போம்.