தாத்தாவின் தையலைப் பிரித்து இந்தக் கோட்டை விற்க மாட்டேன்

போன ஞாயிறு கொழும்பிலிருந்து ஒருவர் ஹட்டனுக்கு வந்திருந்தார். பழைய உடுப்புகளை வாங்கி விற்பவர். நான் விற்க வைத்திருந்த டக்ஸீடோவை, அதாவது இரவு விருந்துக்குப் போடும் கறுப்பு சூட்டை, கட்டிலில் விரித்து, விளக்கைப் போட்டு, அரை மணி நேரம் பார்த்தார். நல்ல விலையும் சொன்னார். அப்புறம் இரண்டு நிபந்தனை வைத்தார். இடது கக்கத்துக்குக் கீழே இருக்கும் பழைய தையலைப் பிரித்து, அவருடைய டெய்லரிடம் கொடுத்து மூட வேண்டும். விளம்பரத்தில் என் தாத்தாவைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது. "வெள்ளைக்காரத் துரையின் டக்ஸீடோ என்று மட்டும் போடுவோம் தம்பி. பங்களா வேலைக்காரன் கதையெல்லாம் வந்தால் விலை இறங்கிவிடும்" என்றார்.

தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டக்ஸீடோ என்பது அமெரிக்காவில் வந்த பெயர். 1886 வாக்கில் நியூயார்க்கை அடுத்த டக்ஸீடோ பார்க்கில், பின்னால் வால் தொங்காத இந்தக் கோட்டை விருந்துகளுக்குப் போடத் தொடங்கினார்கள். ஊரின் பெயர் உடுப்புக்கு ஒட்டிக்கொண்டது. நம் மலைநாட்டுத் துரைமாருக்கு இது டின்னர் ஜாக்கெட். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும். தாத்தா இதை "ராச்சாப்பாட்டுக் கோட்டு" என்றுதான் சொல்வார். அவர் டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா பட்லராக இருந்தவர்.

சாதாரணக் கறுப்பு சூட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்ன வயதிலேயே எனக்குக் காட்டித் தந்தார். நெஞ்சில் மடிந்து விழும் பட்டையில் சாட்டின் போர்த்தியிருக்கும். பொத்தான்களும் துணி போர்த்தியவை. களிசானின் வெளிப்பக்கத் தையல் நெடுக இடுப்பிலிருந்து கால்வரை ஒரு பட்டு நாடா ஓடும். பெல்ட் கோர்க்கக் கண்ணி இருக்காது, தோள்வார் மாட்ட உட்பக்கம் பொத்தான் இருக்கும். கோட்டின் முன்பக்கத் துணியை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பிரித்தால், நடுவே இன்னொரு துணி தனியாக நழுவுவது தெரியும். குதிரைமயிர் கலந்து நெய்த கேன்வாஸ் அது. பசை போட்டு ஒட்டாமல் கையால் தைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நெஞ்சு எழும்பி நிற்கிறது.

உள்பையில் லண்டன் டெய்லரின் லேபல் இருக்கிறது. அதில் மையால் துரையின் பெயரும் 1951 என்ற வருஷமும் எழுதியிருக்கிறது. தாத்தாவின் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. 1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சமான எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவரும் ஆனார். கோட்டு எந்த ஊரில் தைத்தது என்பதற்கு லேபல் இருந்தது. அவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்குக் கையில் ஒரு கடதாசி இருக்கவில்லை.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை ஊருக்குப் புறப்பட்டபோது ஒரு நற்சான்றுக் கடிதத்தையும் இந்த சூட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பட்லருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். துரையைத் திட்ட இதைச் சொல்லவில்லை. நடந்தது அது.

அதற்குப் பிறகு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் இது இருந்தது. எங்கள் பக்கத்து ஈரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மே மாதம் மழை பிடித்தால் செருப்பில்கூடப் பூஞ்சணம் பூக்கும். கம்பளித் துணிக்குப் பூச்சி வேறு. தாத்தா தை, மாசி மாதத்து வெயில் நாளில் கோட்டை வெளியே எடுப்பார். வெயிலில் போட மாட்டார், கூரை நிழலில் காற்றுப் படும்படி தொங்கவிடுவார். காலரைத் தூக்கி அடியில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், அவசரமில்லாமல் இழுப்பார். சாட்டின்மேல் ஸ்திரிக்கைப் பெட்டியை நேரே வைக்க விடமாட்டார், நடுவில் வெள்ளைத் துணி ஒன்று இருக்க வேண்டும்.

ஒரு வருஷம் இடது கக்கத்துக்குக் கீழே பூச்சி அரித்து மிளகளவு ஓட்டை விழுந்துவிட்டது. கடை நூலை வாங்கினால் நிறம் சேராது என்று, களிசானின் அடிமடிப்புக்குள் மிச்சமிருந்த துணியிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவினார். அந்த நூலாலேயே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓட்டையை மூடினார். விரலால் தடவினால்தான் தெரியும். இதைத்தான் அந்த வியாபாரி பிரிக்கச் சொன்னார்.

விற்பது தப்பு என்று நான் நினைக்கவில்லை. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் பார்க்க வேண்டும். தாத்தா இருந்திருந்தால் அவரே பெட்டியைத் திறந்திருப்பார். ஆனால் பாதிக் கதையோடு விற்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. பழைய பொருளுக்கு விலை வருவதே அது யார் யார் கையில் எப்படி இருந்தது என்பதால்தான். 1951இலிருந்து 1975வரை துரை போட்டார், சரி. பிறகு அது கந்தலாகாமல் இருந்ததற்கு யார் காரணம்? அந்தப் பெயரை மறைத்துவிட்டு, பங்களா அலமாரியிலிருந்து நேரே வந்ததுபோல் விற்பது வாங்குகிறவருக்கும் சொல்லும் பொய்.

மலையகத்தில் இன்னும் எத்தனையோ வீட்டில் இப்படிச் சாமான்கள் இருக்கும். பீங்கான் கோப்பை, பித்தளை விளக்கு, துரை எழுதிக் கொடுத்த கடிதம். விற்கிறவர்கள் விற்கட்டும். அதை வைத்திருந்த ஆளின் பெயரையும் வேலையையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். பழசைப் புதிதாக்கப் பார்க்காதீர்கள். சோப்புத் தண்ணியில் ஊறப் போட்டால் கேன்வாஸ் சுருங்கிக் கோட்டு கெட்டுவிடும்.

என் கோட்டின் நெஞ்சளவு 40 அங்குலம், களிசான் இடுப்பு 34. வலது பக்கச் சாட்டினில் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, உள்துணியில் ஒரு மஞ்சள் கறை உண்டு. கக்கத்துத் தையல் அப்படியே இருக்கும். தாத்தாவின் பெயரும் அவர் பார்த்த வேலையும் எழுதிய தாளும் கூட வரும். வாங்க நினைப்பவர் ஒரு ஞாயிறு ஹட்டனுக்கு வந்து போட்டுப் பார்க்கலாம். அந்த பிரஷ்ஷையும் தருகிறேன், எப்படி இழுப்பது என்று காட்டித் தந்துவிட்டு.