கையொப்பம் மாணவியுடையது மட்டுமே

“திருமணமாகாத கல்லூரி மாணவி கருவுற்றால், பெற்றோர் கையொப்பமிடாமல் அரசு மருத்துவமனையில் கருக்கலைப்புச் செய்ய மாட்டார்கள், படிப்பையும் விட்டுவிட வேண்டியதுதான்” என்று சொல்லப்படுவது தவறு. பயந்துபோயிருக்கும் ஒரு பெண் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்தியாவின் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். அதற்குக் குறைந்த வயதினருக்கும் மனநோயுள்ளவர்களுக்கும் மட்டுமே பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 20 வாரம் வரை தகுதிபெற்ற ஒரு மருத்துவரின் கருத்தே போதுமானது என்பதோடு, கருத்தடை முறை தவறியதை மணமாகாத பெண்ணும் காரணமாகக் கூறலாம். அவரது பெயரைச் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்குள்ள உரிமை மணமாகாதவர்களுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சில இடங்களில் இன்றும் உறவினர் கையொப்பம் கேட்கிறார்கள் என்றால், அது வழக்கமே தவிரச் சட்டம் அன்று.

பணமில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்: கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழந்தையைப் பெற விரும்பும் மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவுச் சலுகையும் வழங்க விதிகளை வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. எனவே கல்லூரியில் எழுத்து வடிவில் விண்ணப்பியுங்கள்.