நாப்பது புடவை பிரிக்கச் சொன்னவங்க மேல எனக்குக் கோவமே இல்லை

கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடை, மாடியில பட்டு செக்‌ஷன்ல நிக்கிறேன். 11 வருஷம் ஆச்சு. போன வாரம் ஒரு விசேஷத்துல சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, "எப்படிக்கா இந்தக் கஸ்டமர்களோட மாரடிக்கிறீங்க, அம்பது புடவையைக் கலைச்சுப் போட்டுட்டு ஒண்ணும் எடுக்காமப் போறாங்களே"ன்னு பரிதாபப்பட்டா. அங்க பந்தி பரபரப்புல சரியா பதில் சொல்ல முடியலை. அதான் இங்க எழுதுறேன்.

அவங்க எனக்குத் தொல்லையே இல்லை. எடுத்துக் காட்டத்தான் எனக்குச் சம்பளம்.

எங்ககிட்ட பட்டு எடுக்க வர்றதுல நிறையப் பேர் வயக்காட்டுக் காசு கொண்டு வர்றவங்க. ஜூன் 12-ல மேட்டூர் திறந்து, குறுவை விளைஞ்சு, மழை பிடிக்கிறதுக்குள்ள கொள்முதல் நிலையத்துல நெல்லு எடை போட்டு, பேங்க்ல பணம் ஏறினாத்தான் எங்க மாடிக்குத் தீபாவளி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எடுக்காம, மூட்டை ரோட்டோரத்துல நனைஞ்சு கிடந்த வருஷங்களையும் பாத்திருக்கேன். அந்த வருஷம் முந்தியைத் தடவிப் பாப்பாங்க, விலைச்சீட்டைத் திருப்பிப் பாப்பாங்க, "கீழ காட்டன் எந்தப் பக்கம்மா"ன்னு கேட்டுட்டு இறங்கிடுவாங்க. அவங்க மேல எப்படி எரிச்சல் வரும்?

வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருத்தங்க பொண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தாங்க. காலையில 11 மணிக்கு உக்காந்தவங்க மதியம் ரெண்டரை வரைக்கும் பாத்தாங்க. அரக்கு வேணும், ஆனா இந்த அரக்கு இல்லை. கரை பெருசா வேணும், ஆனா இவ்வளவு பெருசு வேண்டாம். நாப்பதுக்கு மேல பிரிச்சேன். திருபுவனம் பட்டு ஒண்ணைப் பொண்ணு தோள்ல போட்டுப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் "அவ அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்"னு எழுந்தாங்க. திரும்பி வரலை. முந்தி கசங்காம, ஜரிகை உடையாம எல்லாத்தையும் மடிச்சு முடிக்க நாலு மணி தாண்டிடுச்சு. அன்னிக்கு என் நம்பர்ல ஒரு பில் கூட விழலை, இன்சென்டிவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா மேல ஒரு குறை சொல்ல மாட்டேன். மூணரை மணி நேரமும் என்னை "தங்கம்"னுதான் கூப்பிட்டாங்க.

மனசு நோகிறது வேற இடத்துல. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுறவங்க இருக்காங்க. போன்ல பேசிக்கிட்டே மோவாயால அலமாரியைக் காட்டுறவங்க இருக்காங்க. கல்யாணத்துக்குக் கட்டிட்டு, சந்தன வாசனையோட கொண்டு வந்து "பிரிக்கவே இல்லை"ன்னு சத்தம் போடுறவங்களும் உண்டு. அதையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுவேன். ஒண்ணை மட்டும் தாண்ட முடியலை.

ஆடித் தள்ளுபடி நேரம். என்கூட நிக்கிற பொண்ணுக்குக் கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு வலி. காலையில 9.30-லேர்ந்து நிக்கிறா. கூட்டம் கொஞ்சம் அடங்கினதும், ரேக் ஓரத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்தா. ரெண்டு நிமிஷம் இருக்கும். எதிர்ல வீட்டம்மாவுக்காகக் காத்திருந்த ஒருத்தர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "வர்றவங்களைக் கவனிக்காம இந்தப் பொண்ணு ராணி மாதிரி உக்காந்திருக்கு, என்ன கடை நடத்துறீங்க"ன்னு கேட்டார். அவர் எங்ககிட்ட எதுவும் கேட்டிருக்கலை. நாங்க போட்ட சோபாவுல, நாங்க குடுத்த காபியைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேட்டார். எல்லார் முன்னாடியும் அவளுக்குத் திட்டு விழுந்துச்சு. ராத்திரியே ஸ்டூல் குடோனுக்குப் போயிடுச்சு.

நாங்க உக்காரலாம்னு சட்டமே இருக்குங்க. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவுல வேலை பாத்த பொண்ணுங்க வருஷக்கணக்கா போராடி, கேரளாவுல 2018-ல சட்டத்தைத் திருத்த வச்சாங்க. நம்ம சட்டமன்றமும் 2021-ல, 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேத்துச்சு. வேலை நேரம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்க வைக்கக் கூடாது, இடைவெளி கிடைக்கும்போது உக்கார இருக்கை போட்டுத் தரணும்னு அதுல இருக்கு. போட வேண்டியது முதலாளி, அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஸ்டூல் வந்த கடையிலயும் அது நிலைக்கிறது உங்க கையிலதான் இருக்கு. சட்டத்தை விட உங்க முகச்சுளிப்புக்குத்தான் முதலாளி பயப்படுறார். இதை நான் கண்ணால பாத்துட்டேன்.

அதனால இந்தத் தீபாவளிக்கு வாங்க. ஒண்ணு கேட்டு நாப்பது பாருங்க, பிடிக்கலைன்னா எடுக்காமயே போங்க. செக்‌ஷன்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா மட்டும் சூப்பர்வைசரைத் தேடாதீங்க. "ஏம்மா, அந்தப் பச்சையைக் காட்டேன்"னு அவகிட்டயே கேளுங்க. உடனே எழுந்து வருவா.